வடக்கே நேராய்ப் போன வண்டி

போகும்போது நல்ல பிள்ளை, என்றான் சறூக்.
வரும்போதுதான் கடலுக்குள் இழுக்கிறதாம்.
நேற்று ஒரு ஜெர்மன்காரி
முழங்கால் அலைக்குள் வண்டியோடு இறங்கி
சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.
சிரித்தது இவன் அதிர்ஷ்டம்.
காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

நாலு சக்கரத்தையும் சிமெந்தில் ஏற்றினேன்.
பொத்துவிலில் எனக்குச் சொந்தமான மட்டம்
இந்தப் பத்தடிக்கு எட்டடிதான்.
மிச்சமெல்லாம் மணல்.

ஆளில்லாத வண்டியை அளந்து பயனில்லை.
ஸ்பிறிங் அமர வேண்டும்,
சக்கரம் தாங்கும் கைகள் விரிய வேண்டும்.
சறூக்கோ ஒல்லி.
வீட்டுக்கு வாங்கிய அரிசி,
ஐம்பது கிலோ ஒன்றும் இருபத்தைந்து ஒன்றும்,
சீற்றில் ஏறிக் குந்தின.
"மறுகா உலை வைக்க
ஹெல்மெட் போட்டுத்தான் அரிசி எடுக்கணுமோ?"
கேட்டபடியே றிபாயா
அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தாள்.

முன்சக்கரங்கள், மூக்குக்கு மூக்கு: எண்ணூற்றுப் பன்னிரண்டு மில்லி.
பிடரிக்குப் பிடரி: எண்ணூற்று ஆறு.
பந்தியில் சண்டைபிடித்த சம்பந்திகள்போல
ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றன.

பூட்டு நட் உப்பில் இறுகிக் கிடந்தது.
மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு
அசர் தொழுது வந்தேன்.
இளகிற்று.
தண்டின் ஒருமுனை வலஞ்சுழி, மறுமுனை இடஞ்சுழி,
நடுவில் பிடித்துத் திருகினால்
இரண்டு முனையும் ஒன்றாய் நெருங்கும், ஒன்றாய் விலகும்.
ஹாண்டிலை நேரே கட்டிவைத்து
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் அதே கொஞ்சம்.
ஒருமுறை உருட்டி, மறுபடி நாடா.
முன்னே எண்ணூற்றேழரை, பின்னே எண்ணூற்றுப் பத்தரை.
மூக்குகள் மூன்று மில்லி உள்ளே.
இனி வேகத்தில் தலை ஆட்டாது.

ஆனால் இது ஆட்டத்துக்கு மருந்து,
இழுப்புக்கு அல்ல.

காற்றுப் பார்த்தேன்.
வலது ரயர் நாலரை. இடது மூன்று.
இடது ஸ்பிறிங்கின் வளையமும்
இரண்டு படி தளர்ந்திருந்தது.
தேய்ந்து வந்த பிழை இல்லை இது,
யாரோ யோசித்துச் செய்தது.
அறுகம்பேயில் இருந்து முனைக்குப் போகையில்
கடல் வலப்பக்கம், கரை வலப்பக்கம் சரியும்.
அதை ஈடுகட்ட
வண்டியை இடப்பக்கம் சாய்த்திருக்கிறான் ஒரு கெட்டிக்காரன்.
வடக்கே நூல்பிடித்தாற்போல் ஓடியிருக்கும்.
திரும்பினால் கடல் இடப்பக்கம்.
சரிவும் இடம், வண்டியும் இடம்.

"எந்த மடையன்டா இதப் பாத்த?"

சறூக் தன் செருப்பைப் பார்த்தான்.
"போன சீசன். நீங்கதான் காக்கா."

முனையில் நிற்கும்போது போன் அடித்தது.
கோமாரியில் லொறியொன்று அச்சு முறிந்து கிடக்குதென்று.
இறங்கி, திறப்பை இவன் கையில் வைத்து,
வந்த மோட்டார்சைக்கிளில் தொற்றிக்கொண்டு
அப்படியே போனவன் நான்.

றிபாயா ஒன்றும் சொல்லவில்லை.
நாடாவை விட்டாள்,
சர்ரென்று என் கைக்குள் வந்து சுருண்டது.

இரண்டு ரயருக்கும் நாலு.
இரண்டு வளையமும் மூன்றாம் படி.
கூலியைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மஃரிபுக்கு முன்னம் கடற்கரைக்கு எடுத்துப் போனேன்.
வடக்கே கொஞ்சம் கடலுக்கு இழுத்தது.
முனையில் திருப்பினேன். தெற்கே வருகையிலும்
அதே கொஞ்சம், அதே கடலுக்கு.
சரி. இது வண்டி இல்லை, கரை.
கரைக்குப் பூட்டு நட் கிடையாது.
ஒரு விரல் கனம் ஹாண்டிலில் வைத்துக்கொண்டால் போதும்.

பாலத்தடியில் போன் அடித்தது.
இந்தமுறை நிற்காமல் ஓட்டினேன்,
கராஜ் வாசலில் வந்துதான் எடுத்தேன்.
றிபாயா.
உலை கொதிக்கிறதாம்.
ஐம்பது கிலோ மூட்டை தைத்தபடி இருக்கிறதாம்,
வாய் அவிழ்த்த மற்றது எங்கே என்கிறாள்.

திரும்பிப் பார்த்தேன்.
சீற்றின் பின்னால், கட்டிய கயிறு கட்டியபடி,
உப்புத்தண்ணீர் தெறித்து,
என்னோடு முனைவரை போய்
திரும்பியும் வந்திருந்தது.